குழந்தைக்கு நீ சொல்லிக்கொடுத்த வார்த்தை

மரக்காணம்
13-2-2006

அன்பு மகன் புருஷோத்தமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி கலைமதியும் குழந்தை சத்யப்ரியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், போலந்தில் பனி கொட்டுகிறது என்றாயே, சளி பிடிக்காமல் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இதை நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். கலைமதி உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

பொங்கலன்று எஸ்டிடி பூத்துக்குப் போன் பண்ணினாயே, வைக்கும்போது குழந்தைக்கு ஜெக்னாய் என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தாய். அங்கே புறப்படும்போது இப்படித்தான் சொல்வார்கள் என்றாயாம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போதும் அதுதான், கோழியை அடைக்கும்போதும் அதுதான். மூன்றாவது படிக்கிற பிள்ளை வெளிநாட்டுப் பாஷை பேசுகிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, தெருக்கோடித் தனகோடி வீடு வரைக்கும் சொல்லி வைத்தேன். சுனாமி வீடு கட்டுகிற இடத்தில் உதவிக்கு வந்திருந்த தோரோத்தா என்கிற அம்மா போலந்துக்காரி. போன வியாழக்கிழமை அவள் ஊருக்குத் திரும்பினாள். வழியனுப்பப் போன நான் குழந்தையை முன்னால் தள்ளி, சொல்லுடி என்றேன், அதுவும் கையை ஆட்டிச் சொன்னது. அந்த அம்மா முகம் அப்படியே செத்துவிட்டது. பிறகு சிரித்து, குழந்தை கன்னத்தைத் தட்டி, அவள் பேச்சைத் தமிழில் சொல்கிற வினோதினியிடம் ஏதோ சொன்னாள். வினோதினி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, ஆயா, இத சும்மா போயிட்டு வர்றதுக்குச் சொல்ல மாட்டாங்களாம், இனிமே பாக்கவே போறதில்லன்னாதான் சொல்லுவாங்களாம், செத்தவங்கள அனுப்பும்போது சொல்லுவாங்களாம், தினப்படிக்கு தோ விட்சேன்யாதானாம், மறுபடி பாக்கலாம்னு அர்த்தமாம், பாப்பாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா என்று கேட்டாள். அவள் அப்பன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டிவியில் பார்த்திருக்கும் என்றேன்.

நம் வீட்டில் யாராவது வாய் தவறிப் போறேன் என்றால் உள்ளே கூப்பிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்து, போயிட்டு வர்றேன் என்று சொன்ன பிறகுதானே அனுப்புவோம். அவ்வளவு தூரத்தில் இருப்பவனை நான் எப்படி உள்ளே கூப்பிடுவேன். ஏதாவது பாஷைப் புத்தகத்தில் போட்டிருந்ததைப் பார்த்துச் சொன்னாயா, தெரிந்தே சொன்னாயா. ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு, கேட்டில் ஆட்கள் என்ன சொல்லிப் பிரிகிறார்கள் என்று காதில் விழாதா. மாசம் தவறாமல் எழுதினவன் கார்த்திகைக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. சித்திரையில் காண்ட்ராக்ட் முடியுதே, டிக்கெட் போட்டியா என்று அன்றைக்குப் போனில் கலைமதி கேட்டதற்கும் பார்க்கலாம் என்றாயாம். அவளிடம் நான் மூச்சு விடவில்லை. இன்று காலை உப்பளத்துக்குப் புறப்பட்டவள், நீ சொன்ன வார்த்தை ஆயிற்றே என்று, குழந்தையைப் பார்த்து அதையே சொல்லிக் கையாட்டிவிட்டுப் போகிறாள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லாதே என்றால் ஏன் என்று கேட்பாள்.

மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு பூத்துக்குப் போன் பண்ணு. தெரியாமல் சொல்லியிருந்தால் குழந்தைக்கு நீயே மாற்றிச் சொல்லிக்கொடு, அதற்குமேல் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தெரிந்துதான் சொன்னாய் என்றால் கலைமதியைக் கூப்பிட்டு அவளிடம் தமிழில் சொல். அந்தப் பிஞ்சு வாயில் கொடுத்து அனுப்பாதே.

நீ என்ன முடிவில் இருந்தாலும் உன் கை காலுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் சாமியிடம் கேட்கிறேன். மாசி கடைசி ஞாயிறு, மறந்துவிடாதே. மூன்று பேரும் பூத்தில் இருப்போம்.

உன் அம்மா
குப்பம்மாள்