மூன்றாம் தண்ணீர்

தட்டாஞ்சாவடி, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், உன் சௌக்கியத்தை உன் வாயால் கேட்டு அஞ்சு நாளாகிறது, மாரியாத்தா புண்ணியத்தில் உடம்பு தேறியிருப்பாய் என்று நம்பித்தான் எழுத ஆரம்பிக்கிறேன். போனில் பேசினால் நான் பாதியில் கோபப்படுகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். உன் தொண்டு நிறுவனத்திலிருந்து கோபிநாத் என்கிற பிள்ளை வருகிற வியாழக்கிழமை செனகலுக்குப் புறப்படுகிறானாம், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நீ சொன்ன அன்றைக்கே வாசலில் வேப்பிலை செருகிவிட்டேன். அப்பா சிரித்தார், 'புள்ள ஆப்பிரிக்காவுல கெடக்குது, நீ இங்க வேப்பில கட்டினா ஆத்தாளுக்கு வழி தெரியுமா' என்று. நீ பிறந்து வளர்ந்த வீடு எது என்று ஆத்தாளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை, தேங்காய்த்திட்டு மீன்காரி வேப்பிலையைப் பார்த்ததும் கூடையை இறக்காமலே போய்விட்டாள். அப்பா இரண்டு வாரமாகக் கடுகில்லாத பருப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார். எதிர்வீட்டு சலீமா அக்கா அப்பாவுக்குத்தான் அம்மை என்று நினைத்து தினமும் ஒரு இளநீரை கேட் ஓரம் வைத்துவிட்டுப் போனார், அப்பாவும் தனக்கில்லை என்று திருத்தாமல் எல்லாவற்றையும் குடித்தார். என் கம்பெனியில் சூப்பர்வைசர் கேள்விப்பட்டு, என்னைப் பத்து நாளைக்கு பேக்கிங் பக்கமே வரவேண்டாம் என்றுவிட்டார். அம்மை செனகலில் இருக்கிற பெண்ணுக்கு என்று அவருக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

இத்தனையும் செய்துகொண்டு நான் இங்கே கிடக்க, வீடியோவில் நீ எனக்கு என்ன காட்டினாய்? நீ தங்கியிருக்கிற வீட்டுக்காரி அந்த ஆவா, தலையில் பெரிய துணி கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து உனக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். என் கையால் ஒரு மாத்திரை விழுங்க ஊரைக் கூட்டுகிற நீ, அங்கே நல்ல பிள்ளையாக வாயைத் திறக்கிறாய். போதாததற்கு அவளை 'மாமான்' என்று கூப்பிடுகிறாய். நான் அதிகம் படிக்காதவள்தான், ஆனால் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மாமான் என்றால் பிரெஞ்சில் அம்மா என்று தெரியாதா? அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது கவி, மறைக்க மாட்டேன். பொறாமைதான். உன் காய்ச்சலை நினைத்து அழுதேனா அவளை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

முத்து இறங்கினதும் தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவது பெற்றவள் கை செய்கிற வேலை. நீயும் வர முடியாது, நானும் வர முடியாது, அதனால் நான் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். நான் இங்கே பித்தளை அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரை வெயிலில் வைப்பது, நீயும் அங்கே அதேபோல் வைப்பது, போனில் நான் சொல்லச் சொல்ல நீயே ஊற்றிக்கொள்வது. அண்டாவைத் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நீ கூப்பிட்டு, 'அம்மா, ஆவா மொத தண்ணி ஊத்திட்டாங்கம்மா, இங்கயும் வேப்ப மரம் இருக்குது, நான் சொன்னதும் அவங்களே பறிச்சிக்கினு வந்துட்டாங்க' என்கிறாய், சந்தோஷமாக. வந்த ஆத்திரத்தில், 'அப்ப அவளையே அம்மான்னு வச்சிக்கோ, இங்க வராத' என்று சொல்லிவிட்டேன். நீ போனை வைத்தாய். அதோடு பேச்சு நின்றது.

அன்றைக்கு நீ சொன்ன இன்னொன்றை நான் காதில் வாங்கவே இல்லை. போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாதான் நேற்று சாப்பிடும்போது சொன்னார். ஆவாவின் கைக்குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று அதைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் உன்னைப் பார்த்துக்கொண்டாளாமே. எத்தனை மாதக் குழந்தை கவி? பால் குடிக்கிற குழந்தையா? நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை விட்டுவிட்டு ஒரே ஒரு நாள் கடலூர் போனேன், திரும்பி வருகையில் மார் கட்டிக்கொண்டு ரவிக்கையெல்லாம் நனைந்து பஸ்ஸிலேயே அழுதேன். அவள் பத்து நாள் இருந்திருக்கிறாள், என் பிள்ளைக்காக. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே, போகவில்லை. ஆனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை.

கோபிநாத்திடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். பச்சைக் கரை போட்ட சேலை ஆவாவுக்கு, உடம்பில் கட்டினாலும் தலையில் கட்டினாலும் அவள் இஷ்டம். குழந்தைக்கு இரண்டு பருத்திச் சட்டை, அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொன்னேன். ரசப்பொடி உனக்கு, அவளுக்கும் கொடு, அவள் வைத்த ரசம் என் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லாதே. வெயிலில் அலையாதே, தழும்பைச் சொறியாதே, டாக்டர் கொடுத்த மருந்தைப் பாதியில் விடாதே. இரண்டாம் தண்ணீரையும் இந்நேரம் அவளே ஊற்றியிருப்பாள், ஊற்றட்டும். மூன்றாம் தண்ணீர் என்னுடையது, நீ ஊருக்கு வந்ததும் நான் ஊற்றுவேன். தினமும் குளி, வேண்டாமென்று சொல்லவில்லை, வேப்பிலைத் தண்ணீரை மட்டும் எனக்கு விட்டுவை. வாசல் வேப்பிலை காய்ந்து சருகாகிவிட்டது, மாசியில் நீ வந்து நிற்கும்வரை அதை எடுக்கப் போவதில்லை. அப்பாவுக்கு மட்டும் கடுகு தாளிக்க இன்றைக்கு உத்தரவு கொடுத்துவிட்டேன்.

வராதே என்று சொன்னதை மறந்துவிடு. மாரியாத்தா உன்னையும் அந்தக் குழந்தையையும் ஒரு குறையில்லாமல் காக்கட்டும். இதைப் படித்ததும் போன் செய், போனை ஆவாவிடம் கொடு. நன்றிக்கு மெர்சி என்று சொல்ல எனக்கும் தெரியும். நான் சொல்லும்போது நீ மட்டும் பக்கத்தில் நிற்காதே.

உன் புதுச்சேரி மாமான்,
தையல்நாயகி