இரண்டு சிசிலிகள்

போர்ட் ஹூட், கேப் பிரட்டன், கனடா
12 செப்டம்பர் 2004, ஞாயிறு

அன்பு மகள் மோராக்குக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், கால்வேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டேன். எழுத்தைப் பார்த்து, எப்போதும் எழுதும் அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பயப்படாதே, இது என் கை. எழுபத்தாறு வயதில் நான் எழுதும் முதல் கடிதம். பூசையிலிருந்து வந்து மேஜையில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. "இந்த வேகத்துல போனா அவ ரிட்டயர் ஆனப்புறம்தான் லெட்டர் போய்ச் சேரும்" என்று அம்மா சொல்லிவிட்டுப் போகிறாள். எட்டு வயதில் பள்ளியை விட்டு மீன்படகேறியவனுக்கு இவ்வளவு வேகம் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வேலை அனுமதி நவம்பரோடு முடிகிறது, பாட்டி அயர்லாந்தில் பிறந்தவள் என்று காட்டினால் அங்கேயே இருக்கலாம், ஆனால் அவள் இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் ஸ்காட்லாந்து என்று இருப்பதால் மனுவைத் திருப்பிவிட்டார்கள் என்று ஜூலையில் எழுதியிருந்தாய். அந்த விவரத்தைக் கொடுத்தவர் என் அண்ணன், உன் பெரியப்பா மர்டோக். எங்கள் அம்மா, உன் பாட்டியின் ஜெபப் புத்தகத்தில் கடைசித் தாள்களில் அவளுடைய அப்பா பிறப்பு, இறப்பு எல்லாம் குறித்து வைத்திருக்கிறார் அல்லவா, அதைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவர் அவர் ஒருவர்தான், யார் சரிபார்ப்பது? கல்லறைக் கல்லிலும் அதையே வெட்டினார்கள். முப்பத்து மூன்று வருஷமாக அந்தக் கல்லுக்குப் பூ வைக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.

போன மாதம் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நான் போகும் செவ்வாய்க்கிழமை முதியோர் கல்வி வகுப்பில் அச்செழுத்துதான் சொல்லித் தருகிறார்கள், என் தாத்தா எழுதியதோ வலை பின்னியது போல ஒன்றோடொன்று கோத்த எழுத்து. இரண்டு தாளுக்குப் பதினோரு நாள் ஆனது. முதல் வரி பெரியப்பா சொன்னதேதான்: சிசிலி, 1899 செப்டம்பர், ஏர்ஷயர். அயர்லாந்தில் நம் பாட்டி வீட்டார் ஊரான டங்லோ இருக்கும் டொனகல் ஜனங்கள் உருளைக்கிழங்கு தோண்ட வருஷாவருஷம் ஸ்காட்லாந்து போவார்கள், போன இடத்தில் பிறந்த குழந்தை. பாட்டி பெயரைக் கண்டதும் பெரியப்பா புத்தகத்தை மூடியிருக்கிறார். எனக்கோ ஒரு வரியையும் தாண்டத் தெரியாது. அடுத்த வரி: சிசிலி, பத்து மாதம், 1900 ஜூலை, டங்லோவில் அடக்கம். தாளைத் திருப்பினேன்: சிசிலி, 1902 மார்ச், டங்லோ. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அப்போது எல்லா வீட்டிலும் இருந்ததுதான், என் அப்பா வழியிலும் இரண்டு ஆங்கஸ் உண்டு. உன் பாட்டி இரண்டாவது சிசிலி. எழுந்து சமையலறையை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். அம்மாவையும் படிக்கச் சொன்னேன், சந்தேகத்தில் இல்லை, பெருமையில்.

தவறான விவரம் கொடுத்தவரே திருத்தி உறுதிமொழி தர வேண்டும் என்றார் வக்கீல். பெரியப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. ஸ்காட்லாந்துச் சங்கத்தில் அந்த ஊர் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடையோடு எழுந்து நின்று, தாய் வழி தந்தை வழி இரண்டும் ஸ்காட்லாந்து என்று வருஷம் தவறாமல் பேசுகிறவர். "நாலு மாசம் எழுத்துக் கூட்டினவன் என்னைத் திருத்த வந்துட்டானாடா?" என்று கத்தினார். நான் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். "பத்து மாதம்" வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அம்மாதான், "உங்க பாவாடையை யாரும் பிடுங்கலை, கையெழுத்தைப் போடுங்க" என்றாள். சிரித்துவிட்டார். அப்புறம், "எனக்கு ஒரு பெரியம்மா இருந்திருக்கா, யாருமே சொல்லலியேடா" என்றார். கல்லைத் திருத்தும்போது அந்தக் குழந்தையின் வரியையும் சேர்த்து வெட்ட வேண்டுமாம், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

வெள்ளிக்கிழமை வக்கீலிடம் போனோம். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். புத்தகத்தைப் படித்துக் கண்டுபிடித்தவன் என்று நானும் போட வேண்டும். வக்கீல் பழக்கத்தில் எனக்கு, எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போடும் இடத்தைக் காட்டினார். "படிச்சேன்னு சொல்றவன் குறி போட்டா யாருய்யா நம்புவா?" என்றேன். முழுப் பெயரையும் எழுதினேன். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும்.

இதோடு இருக்கும் பத்திரத்தை மடிக்காமல், கைக்கு வந்த மறுநாளே மனு கொடுத்த இடத்தில் கொடுத்துவிடு. டங்லோ பதிவு அலுவலகத்தில் 1902 மார்ச் என்று சொல்லி பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் கேள். மழையில் தலை நனைய அலையாதே, இரவு ஷிப்டுக்குச் சாப்பிடாமல் போகாதே. என் முழங்கால் பரவாயில்லை.

கடவுள் உன்னை அந்த மண்ணில் நன்றாக ஊன்றி வைக்கட்டும். மறக்காமல் ஒன்று செய்: டங்லோ போகும்போது கல்லறைத் தோட்டத்தில் பெரிய சிசிலியைத் தேடு. கல் இருக்காது. எங்கேயாவது ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, "உன் பெயரைத்தான் என் பாட்டி அறுபத்தொன்பது வருஷம் வைத்திருந்தாள்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வா.

உன் அப்பா
லாக்லன் மக்கின்னிஸ்
(நானே எழுதியது)