வாய்க்கால் சேறு

நிப்பூரில் மகள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு,

நான் சொல்லச் சொல்ல எழுத்தன் லூசாரா களிமண் பலகையில் நாணல் குச்சியால் குத்துகிறான்.

தண்ணீர் வந்துவிட்டது! ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் அடைத்திருந்த வண்டலை ஊரே கூடி வெட்டினோம். இன்று காலை நம் கடைசி வரப்புவரை பாய்ந்தது. பார்லி பிழைத்துக்கொண்டது. நான் வாய்க்காலில் குதித்து வழுக்கி விழுந்தேன், ஊரே சிரித்தது.

"இந்த வாய்க்கால்ல ஈர மண்ணைப் பாத்தாத்தான் திரும்பி வருவேன்" என்றுதானே போனாய்? லூசாரா பிசைந்து வைத்திருந்த மண்ணைத் தள்ளிவிட்டு, இந்தப் பலகைக்கு நம் வாய்க்கால் சேற்றையே அள்ளி வைத்தேன். பையன் முணுமுணுத்தான்:

"தாத்தா, இதுல ஒரே வேரும் மணலும். எழுத்தே விழாது!"

"விழாட்டிப் போகுது. அவளுக்கு மட்டும் என்ன, படிக்கவா தெரியும்? குத்துடா."

யாரிடமாவது வாசிக்கக் கொடுக்கும் முன் மோந்து பார். கழுதையையும் அனுப்பியிருக்கிறேன். வெறும் முதுகோடு திருப்பிவிடாதே.

இன்னும் கால் கழுவாத
உன் கிழவன்