மூன்று அறைகளும் ஒரு கதவும்

மார்ச் 4

அன்புள்ள அவசரத்துக்கு,

நலம். உன் நலமும் வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகப் பதிவாளரம்மாவாக நீ கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை எங்கள் வளாகத்துக்கும் வந்தது. பார்வை, செவி, நடை எதிலாவது குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான என் அலுவலகம், குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கான அலுவலகம், பாதியில் நின்று திரும்பி வந்தவர்களுக்கான அலுவலகம், மூன்றும் ஒன்றாகிறதாம். அதுவும் நான்காவது மாடியில்! லிஃப்ட் நின்றால் சக்கர நாற்காலியை யார் தூக்குவது, நீயா?

ஒரே அறையில் வேலைக்குச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொண்டவர்கள் நாம். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கோபத்துடன், ஆனாலும் உன்,
வாயாடி


மார்ச் 11

என் வாயாடிக்கு,

சொல்லாதது தப்புதான். சொல்லியிருந்தால் உத்தரவு வருவதற்குள் ஊரைக் கூட்டியிருப்பாய்.

காசு மிச்சம் பிடிக்கவென்று நினைக்காதே, யாருக்கும் வேலை போகாது. ஒரு பிள்ளையை மூன்று அலுவலகமும் மாறி மாறி ‘அங்கே போ’ என்று அனுப்புவதை நீயும் பார்த்திருப்பாய். நான்காவது மாடி பற்றி நீ கேட்டது நியாயம், யோசிக்கிறேன். முதுகுவலி எப்படி இருக்கிறது? மருந்து ஒழுங்காகச் சாப்பிடு.

உன்,
அவசரம்


மார்ச் 26

அவசரம்,

எதிர்ப்புக் கூட்டம் போட்டேன், உனக்குச் செய்தி வந்திருக்கும். அங்கே ஒரு பெண் எழுந்தாள். கண் பார்வை குறைவு, அப்பா கொத்தனார், நடுவில் இரண்டு வருஷம் படிப்பு நின்றது. மூன்று அலுவலகத்துக்கும் சொந்தக்காரி.

“அக்கா, ஒவ்வொரு ஆபீஸா போய் என் கதைய சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. ஒரே எடத்துல ஒரு தடவ சொன்னா போதும்னா நல்லதுதானே?”

“அப்ப நம்ம ரூம் போனா பரவாயில்லையா?”

“அது உங்க ரூம்க்கா. நான் வெளிய பெஞ்சுலதானே உக்காந்திருப்பேன்?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முகம் சுண்டிவிட்டது. எதிர்ப்பு மனுவைக் கொடுக்கவில்லை.

சேர்த்துவிடு. ஆனால் தரைத்தளத்தில் வை. புதிய அலுவலகத்தின் தலைமைக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். உன்னிடம் சிபாரிசு கேட்கவில்லை, தகவலுக்குத்தான்.

வாயாடி


மே 2

அன்பு வாயாடிக்கு,

தரைத்தளம் கிடைத்துவிட்டது. தலைமை உனக்கு இல்லை. திரும்பி வந்தவர்களின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அமைதியானவருக்கு.

தேர்வுக்குழுவில் நானும் இருந்தேன். என் ஓட்டும் அவருக்குத்தான். உன் பிள்ளைகளுக்காக நீ மலையைப் புரட்டுவாய். மற்ற இரண்டு அலுவலகத்துப் பிள்ளைகளும் உன் பிள்ளைகளாக எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியவில்லை. இதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன்.

அவசரம்


ஜூலை 19

அவசரத்துக்கு,

இரண்டு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். படித்திருந்தால் நீ இந்த ஜென்மத்தில் என்னோடு பேசியிருக்க மாட்டாய்.

புது அலுவலகம் திறந்துவிட்டோம். மூன்று மேசை, ஒரே கதவு. முதல் வாரம் புதிய தலைவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கண்டுகொள்ளாமல், “மேடம், கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்குப் பரீட்சை எழுதிக்கொடுக்கற ஆளுங்கள எப்படிப் பிடிப்பீங்க? எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெரியாது என்று அவ்வளவு சுலபமாக எனக்குச் சொல்ல வராது.

கூட்டத்தில் பேசிய பெண் வந்தாள். என்னைத் தாண்டிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து பேசினாள். வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். போகும்போது என் மேசைப் பக்கம் வந்து, “ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், பரீட்சை எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சுதுக்கா” என்றாள். அதற்கு மேல் எரிய என்ன இருக்கிறது?

உன் ஓட்டு சரிதான் என்று சொல்ல இன்னும் மனசு வரவில்லை. வரும்போது சொல்கிறேன். ஆனால் அதை வேறு யார் வாயாலாவது கேட்டிருந்தால் உன்னைத் தலைமுழுகியிருப்பேன். நீயே எழுதினாய்.

அடுத்த மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்துவிடு. பதிவாளரை அங்கேயே விட்டுவிட்டு வா.

உன்,
வாயாடி