வலைக்காரர் சந்து

நிலையப் பதிவு. கடல்மட்ட அளவு நிலையம், சங்குமுனை. பதிபவர்: பிரபாவதி.

அக்டோபர் 9, 2061. காலை 7.10
கடல்மட்டம் இயல்பு. காற்று வடகிழக்கு. கருவிகள் சரி.
ஓய்வு நேரத்தில் திறந்த வரைபடத்தில் வலைக்காரர் சந்தை மறுபடி வரைந்தேன். ஆர்வமுள்ளவர்கள் சம்பளமில்லாமல் வரையும் வரைபடம் அது. ஆளில்லா மீட்புப் படகுகள் அதிலுள்ள தெருக்களில் மட்டுமே போகும். சந்தில் அறுபது வீடுகள்.

அக்டோபர் 11. மாலை 4.30
புயல் நெருங்குகிறது. மட்டம் சற்று உயர்வு.
சந்தின் கோட்டை மறுபடி அழித்துவிட்டது, வரைபடத்துக்கு சர்வர் தரும் நிறுவனத்தின் தானியங்கிச் சரிபார்ப்பான். காரணம்: "செயற்கைக்கோள் படத்தில் தெரு தெரியவில்லை." தகரக் கூரைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் வானத்திலிருந்து எப்படித் தெரியும்? நான் நடந்து அளந்த சந்து. மீன் ஏலம் விடும் சகாயராணி கூடவே வந்து வாசலுக்கு வாசல் பெயர் சொன்னாள். எடுத்த படங்களையெல்லாம் சேர்த்து அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: நிராகரிப்பு. எவன் பார்த்தான் அந்தப் படங்களை?

அக்டோபர் 13. காலை 9.40
கடல் ஊருக்குள். நிலையத்தின் கீழ்த்தளம் மூழ்கியது. மேல்தளத்தில் தனியாக இருக்கிறேன். ரேடியோ வேலை செய்கிறது.
மீன்பிடிப் படகு ரேடியோவில் சகாயராணி: "அக்கா, மீட்புப் படகு எங்க சந்து முனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருது. கத்துறோம், துணிய ஆட்டுறோம், நிக்கவே மாட்டேங்குது. இடுப்பளவு தண்ணி!"
மீட்புப் படகுகளின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். செல்வநாயகம் பேசினார்: "மேப்ல தெரு இல்லாம படகு உள்ள போகாது மேடம். கையால ஓட்டவும் வழி இல்ல."
"அப்ப அவங்க சாகட்டுமா?"
"மேல கேட்டிருக்கேன் மேடம்."
மேலே! மேலேயிருந்து பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கதி.

காலை 10.25
வரைபடத்தில் புதிதாகக் கோடு போட்டால்தான் சரிபார்ப்பான் உடனே தடுக்கும். ஏற்கெனவே உள்ள கோட்டை நகர்த்தினால் கண்டுபிடிக்க நேரமாகும். பக்கத்தில் மணிக்கூண்டுத் தெரு இருக்கிறது. அங்கே யாராவது உண்டா என்று செல்வநாயகத்திடம் இரண்டு முறை கேட்டேன். "காலி பண்ணியாச்சு மேடம்" என்றார்.
இல்லாத இடத்தில் நான் கோடு போட்டதே இல்லை. இன்று போட்டேன். மணிக்கூண்டுத் தெருவை அப்படியே இழுத்து வலைக்காரர் சந்தின் மேல் வைத்தேன்.

காலை 11.15
சகாயராணி: "வந்துருச்சுக்கா! உள்ளயே வந்துருச்சு! புள்ளைங்கள ஏத்திட்டோம்!"
மேசையை ஓங்கிக் குத்தினேன். கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

காலை 11.50
ரேடியோவில் அறியாத குரல்: "யாராவது கேக்குறீங்களா? என் பேரு காசிநாதன். மணிக்கூண்டுத் தெரு. மொட்டமாடில ஒம்பது பேரு நிக்கிறோம். மொத படகுல பாதிப் பேரு போயிட்டாங்க, அடுத்தது வரும்னாங்க. இப்ப எல்லாப் படகும் எங்களத் தாண்டிப் போகுது."
கோட்டைத் திருப்பி இழுக்கப் போனேன். திரையில் வந்தது: "பொய்யான திருத்தம். உங்கள் கணக்கு முடக்கப்பட்டது. கோடு ஆய்வில் உள்ளது, மாற்ற இயலாது."
இதை மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பாகக் கண்டுபிடித்தது, பாவி இயந்திரம்!
செல்வநாயகம்: "காலின்னுதான் எனக்குச் சொன்னாங்க மேடம்... எனக்கு வரைய அனுமதி இல்லீங்க."
கெஞ்சினேன். திட்டினேன். மறுபடி கெஞ்சினேன்.

மதியம் 1.05
தண்ணீர் மேல்தள ஜன்னலைத் தொடுகிறது. பேட்டரி கொஞ்சம்தான்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: இரண்டு தெருவும் உண்டு. இரண்டிலும் மனிதர்கள் உண்டு. இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம் என்று சொன்னது எந்த நாய் என்று கேளுங்கள். கோட்டை நகர்த்தியது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
காசிநாதன் விடாமல் கூப்பிடுகிறார். இப்போது கத்தவில்லை. மெதுவாகக் கேட்கிறார்.
"மேடம், எங்க தெருவுக்கு என்னாச்சு?"
பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறேன். அவர் காத்திருக்கி