காதுகுத்தில் முடிகிற படம்

முந்தாநாள் டிவிடி பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போய், "ஓட மாட்டேங்குது, மோட்டார் போச்சு போல" என்று வியாதியையும் நானே சொல்லிவிட்டேன். கடைக்காரர் உள்ளே இருந்த டிஸ்கை எடுத்துத் திருப்பிப் போட்டார். ஓடியது. படம் அச்சடித்த பக்கத்தைத்தானே மெஷின் பார்க்கும் என்று நான் அதைக் கவிழ்த்துப் போட்டிருந்தேன். "கோளாறு மெஷின்ல இல்லை பெரியவரே" என்று அதோடு நிறுத்திக்கொண்டார். வேறு எதில் என்று சொல்லாமல் விட்டது அவர் பெருந்தன்மை. நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய்.

அது நம் படம். உன் தம்பி சிங்கப்பூரிலிருந்து வீடியோ டெக்கோடு கொண்டுவந்த கேசட்டில் நாம் பார்த்துப் பார்த்துத் தேய்த்த அதே கறுப்பு வெள்ளைப் படம். புருஷனோடு சண்டை போட்டுக் கதாநாயகி வீட்டைப் பூட்டிச் சாவிக்கொத்தோடு கிளம்பிவிட, உள்ளே மாட்டிக்கொண்டவன் ஜன்னல் வழியாகக் குதித்து, சொந்த வீட்டிலேயே திருடன் என்று பிடிபடுவானே, அது. கொட்டகைக்கு வந்த வேகத்தில் போய்விட்ட படம். ஊருக்குச் சிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய சாமான் கடையில், உடைந்த ரேடியோ ஒன்றுக்கு அடியில் இந்த டிஸ்க் கிடந்தது.

ஆசைக்காக மட்டும் வாங்கவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நம் மகள் மதுரையிலிருந்து பெட்டியோடு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. மாப்பிள்ளை அடித்தார், குடித்தார் என்றெல்லாம் இல்லை. "நான் பேசுறது அவுக காதுலயே விழ மாட்டேங்குதுப்பா" என்கிறாள். அதற்கு மேல் கேட்டால் வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறாள். மாப்பிள்ளை வந்து பார்க்கவில்லை, போன் செய்தார். "லீவு இல்லை மாமா. ஞாயித்துக்கிழமை நீங்களே பஸ் ஏத்தி விட்டுருங்க." முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவனிடம் பஸ் ஏற்றிவிடச் சொன்னால் வேறு என்ன வரும்? "அதுக்கென்ன மாப்பிள்ளை" என்றுவிட்டேன். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு சிரிப்புப் படத்தைப் போட்டு, அவள் சிரிக்கும்போது நடுவில் சொருகிவிடலாம் என்பது என் திட்டம்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். முதலில் அவள் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் குதிக்கிற இடத்தில் நிமிர்ந்தாள். தூணில் கட்டிவைத்த பிறகும் அவன் பெண்டாட்டியைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். "அம்மா இந்த எடத்துல டெக்கை நிப்பாட்டிட்டுச் சிரிக்கும்ல?" என்றாள். ஆமாம். நீ சிரித்து முடிக்கிற வரைக்கும் படம் காத்துக்கிடக்கும்.

சொல்வதற்கு அதுதான் நேரம். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் படத்தில் ரயில் நிலையம் வந்துவிட்டது. கதாநாயகி பெட்டியோடு நிற்கிறாள், புருஷன் ஊருக்குத் திரும்பிப் போகிற ரயில் வருகிறது. நம் கேசட்டில் இந்த இடத்தில் ஒரு கோடு ஓடிப் படம் அறுந்து, நம் மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு அலறுவாள். புதுக் கேசட் எதற்கு என்று வீடியோக்காரரிடம் நான் இதையே கொடுத்து, "கடைசில கொஞ்சம் எடம் இருக்கும், பாத்து எடுங்க" என்றதன் பலன். அதனால் அவள் ரயில் ஏறினாளா என்பது நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே கொட்டகையில் பார்த்தவள் நீ. மகள் கேட்கும்போதெல்லாம், "ஏறலை ஆத்தா. பெஞ்சுல உக்காந்துருச்சு. அந்தாளு தேடி வந்து, பெட்டியைத் தலையில வச்சுக் கூட்டிட்டுப் போனாரு" என்பாய்.

நேற்றுப் பார்த்தோம். அவள் ஏறிவிட்டாள். அவன் ஸ்டேஷனுக்கு வரவே இல்லை. வீட்டில் சாய்வு நாற்காலியில் படுத்தபடி, "வந்துட்டியா?" என்கிறான். அவள் சாவிக்கொத்தை அவன் காலடியில் வைக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். சுபம்.

மகள் சிரிக்கவில்லை.

"அம்மா சொன்னது வேறல்லப்பா?"

"வேற ஏதாச்சும் படத்தோட குழப்பிக்கிட்டுருக்கும்."

"யாரு, அம்மாவா?"

காபி போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன். அடுப்படியில் நின்றால் நீ பிறந்த ஊர் கல்லல்தான் கண்ணுக்குள் வந்தது. என்னோடு சண்டை போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாள் இருந்தாயே, அப்போது என் பஸ் தினமும் இரண்டு நடை கல்லல் வழியாகத்தான் போனது. உங்கள் தெருமுனை நிறுத்தத்தில் விசில் அடித்து ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, மறுபடி விசில் அடிப்பேன். நான் மட்டும் இறங்கவில்லை. டிரைவரே ஒரு நாள், "போய்ப் பாத்துட்டு வாய்யா, ரெண்டு நிமிசம் நிக்கிறேன்" என்றார். "அவளாப் போனா, அவளா வருவா" என்றேன். வந்தாய். என் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வந்தாய். வாசலில் பிள்ளையிடம், "என்ன, அம்மாச்சி வீட்டுச் சோறு அலுத்துப்போச்சா?" என்று கேட்டேன். அதை நல்ல நகைச்சுவை என்று எத்தனையோ விசேஷ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். நீ பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாய்.

மகள் அந்த ரயில் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நீ முடிவை மாற்றிச் சொன்னபோதெல்லாம் நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கடலை கொறித்துக்கொண்டு.

இன்று காலை மாப்பிள்ளைக்கு நானே போன் போட்டேன்.

"நான் பஸ் ஏத்தி விடலை மாப்பிள்ளை. நீங்க வாங்க. வந்து, அவ என்ன சொல்றான்னு உக்காந்து கேளுங்க. வர்றதும் வராததும் அவ இஷ்டம்."

"அன்னைக்குச் சரின்னீகளே மாமா?"

"கண்டக்டரும் சில நேரம் நிறுத்தத்தைத் தப்பாச் சொல்லிருவான்."

அவர் சிரிக்கவில்லை. "நானா போகச் சொன்னேன்? அவளாத்தானே போனா" என்றார்.

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். துணி காயப்போடப் போய்விட்டாள். நாளை ஞாயிறு. அவர் வருவாரா, வந்தால் இவள் போவாளா, எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது சரியா என்று கேட்கவும் நீ இல்லை.

மாப்பிள்ளையிடம் சொல்ல வாய் வரை வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். 'நானும் போகலை மாப்பிள்ளை. அவளாவே வந்துட்டா. ஆனா அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் எங்கிட்ட ஒரு சண்டைகூடப் போடலை. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்.'