என் பக்கத்தை என்னைவிட நன்றாகச் சொன்னவனுக்கு

என் பிரியத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய மச்சான் அருளப்பனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்துவிட்டது; காஜா பெராங்கில் புதுக்கொடி பறக்காத கடை இல்லை. நான் மட்டும் அதே லோரியில் பத்து பெரெண்டாம் ஊருக்குப் போய்த் திரும்புகிறேன். செத்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீ மாதா கோயில் உபதேசியார், நான் முருகன் கோயில் செயலாளர். ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக்கு வருவாய். சாமி என்றால் சிலுவையில் சாவாரா என்று சீண்டுவேன். “இரு மச்சான், நீ கேக்குறது இதானே” என்று என் அரைவேக்காட்டுக் கேள்வியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து நிறுத்துவாய். நானா இவ்வளவு அறிவாளி என்று திகைத்துத் தலையாட்டுவேன். அப்புறம்தான் உன் வேதத்துக்காக வாதாடவே தொடங்குவாய். கடைசிவரை நான் நெற்றியில் திருநீற்றுப் பட்டை போடுவதை நீ நிறுத்தவில்லை. ஆனால் ஊரே உன்னைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டதே!

போன மாதம் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு வைப்பது பற்றிக் கமிட்டியில் சண்டை. பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், கூடாது என்றேன். முதலில் எதிராளி சொன்னதை நான் சொல்லிக் காட்ட வேண்டுமாம், அவர் தலையாட்டியபின்தான் என் முறையாம். உபதேசியார் வழக்கமாம். முருகன் சந்நிதியில் உன் சட்டம் என்றால் செயலாளர் எதற்கு, மணியாட்டவா?

அதையும் பொறுத்தேன். என் மகள் செல்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. நமக்குக் கோப்பி கொண்டுவரும் சாக்கில் கதவோரம் நின்று கேட்டவள். பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. தூரம், வேண்டாம் என்றேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இருங்கப்பா, நீங்க சொல்றது இதானே. தூரத்துக்கு நீங்க பயப்படல. நான் இப்பவே அருளப்பன் மாமா மாதிரி பேசுறேன். அங்கயும் போய்ட்டு வந்தா, உங்க மகள்னு ஒண்ணும் மிஞ்சாதுன்னு பயம். சரியா சொன்னேனா?”

தலையாட்டாமல் என்ன செய்வேன்? அவள் வாயில் என் பொறாமைகூடக் கௌரவமாகத் தெரிந்தது. அடுத்து அவள் பக்கத்தை நான் சொல்லும் முறை. சொல்லச் சொல்ல, மறுக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் தலையாட்டினாள். நேற்றுப் பெட்டி வாங்கியாயிற்று.

மச்சான், உன் பக்கத்தை ஒரு தடவையாவது நான் சொல்லிக் காட்டியிருக்கிறேனா? நீ முடிப்பதற்குள் அடுத்த கேள்வியோடு நின்றேன், இல்லையா?

தம்பின் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றிவிட்டு நேரே உன் கல்லறைக்கு வருகிறேன். உன் ஏசுசாமி ஏன் சிலுவையில் செத்தார் என்று நானே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த மட்டும், ஒழுங்காக. அதற்கப்புறம் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருக்கிறேன், நல்ல கேள்வி. நீ தலையாட்டும்வரை கேட்கமாட்டேன். இது சத்தியம்.

செல்விக்கு இன்னும் அப்பா,
உனக்கு என்றும் மச்சான்,
காளிமுத்து